மூன்றுக்குக் குறைவு

இந்தப் படத்தில் நான் இருக்கிறேன், தம்பி. எங்கே இருக்கிறேன் என்று உங்களால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. அதுதான் இதன் விசேஷம்.

பையைக் கீழே வைக்காதீர்கள். மீன் விற்கிற பெண்கள் காலையில் இந்த பஸ்ஸில்தான் வருவார்கள், தரையெல்லாம் மீன் தண்ணீர். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மேலத்துறைக்கா? நல்லது. அங்கே யாரைப் பார்க்க? சரி சரி, சொல்ல வேண்டாம். நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற ஆள் இல்லை.

இந்த நுனியைக் கொஞ்சம் பிடியுங்கள், காற்றில் சுருண்டுகொள்கிறது. இது கரை. இது எங்கள் மாதா கோவில். மிச்சமெல்லாம் கடல். கடலைக் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? நீலம் அடித்த இடமெல்லாம் நாங்கள் மீன் பிடிக்கிற இடம். இந்த நீலத்துக்குள் எங்கேயோ என் பார் இருக்கிறது. பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத்திட்டு. கலவாவும் விளமீனும் அங்கேதான் அடையும். மேலேயிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர்தான். கரையில் எந்த மலை எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறது, எந்தப் பனை எந்த மாடிக்கு நேராக வருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். கணியம் என்போம். இந்தக் கணியம் என் தகப்பன் எனக்குச் சொன்னது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஜி.பி.எஸ். கருவியா? என் வள்ளத்தில் அதை ஏற்றவே மாட்டேன். எங்கள் ஊர் ஜெறோம் வாங்கி வைத்தான். பார் எல்லாவற்றையும் அதில் குறித்து வைத்தான். கருவி பழுதானது, கடையில் கொடுத்தான். கடைக்காரன் பழுதையும் பார்த்தான், பாரையும் பார்த்தான். அடுத்த வாரம் ஜெறோமின் பார்மேல் திருவிழாக் கூட்டம்! நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதத் தெரியாததால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என்னிடமிருந்து எவன் எதைத் திருடுவான்?

திருட ஒருவன் இருக்கிறான். பெயர் பெர்க்மான்ஸ். என் மனைவி அமலோற்பவத்தின் அண்ணன். உறவு முறைக்கு மச்சான். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை. பேச்சுவார்த்தையே இல்லை.

கலியாணம் ஆன புதிது. நான் பார்மேல் நங்கூரம் போட்டுத் தூண்டிலை இறக்கியிருக்கிறேன். நல்ல கலவா, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் ஒரு வள்ளம் நேராக என்னை நோக்கி வருகிறது. இவன்தான்! என்னைக் கண்டதும் வள்ளத்தைச் சடாரென்று திருப்பிக்கொண்டான். எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு, தம்பி. வேறு வள்ளம் கண்ணில் பட்டால் உடனே நங்கூரத்தைத் தூக்கிவிட வேண்டும். வெறும் இடத்தில் போய் உட்கார்ந்து மும்முரமாக மீன் பிடிப்பதுபோல நடிக்க வேண்டும். நான் தூக்கினேன். அடியில் பாறையே இல்லாத வெறும் சகதிக்கு மேலே போய் உட்கார்ந்தேன். பார்த்தால் அவனும் எனக்கு எதிரே வேறொரு சகதியில் உட்கார்ந்து மும்முரமாகத் தூண்டில் போடுகிறான்! பகல் முழுக்க இரண்டு பேரும் வெயிலில் காய்ந்தோம். ஒரு மீன் இல்லை. கரைக்கு வந்து, "என் பின்னால் எதற்கு வந்தாய்?" என்று கேட்டேன். "நான் நண்டு வலை பார்க்க வந்தேன், மச்சான்" என்றான். அந்த ஆழத்தில் நண்டு வலை! சின்னப் பிள்ளைகூட நம்பாது. அன்றோடு பேச்சு முடிந்தது.

ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "அமலோ, உன் அண்ணனுக்கு இன்னும் குழம்பு வேணுமான்னு கேளு" என்பேன். அவன், "ஏட்டி, போதும்னு உன் மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்பான். அவள் நடுவில் நின்று, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு" என்பாள். அவள் குணம் அப்படி. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

இனி படத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடலில் காற்றாலை நடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆள் புழங்காத கடலாகப் பார்த்து நடுவார்களாம். ஆள் புழங்காத கடல்! எந்தக் கடலில் யார் புழங்குகிறார்கள் என்று யாரிடம் கேட்டார்கள்? அந்த நேரத்தில்தான் தையல்நாயகி என்று ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தது. மாயவரம் பக்கம். மீன்பிடித் தொழிலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒல்லியாக இருக்கும், ஆனால் மணலில் அந்த வெயிலில் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வள்ளத்திலும் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி வைக்கணும், வள்ளம் போகிற இடத்தை அது குறித்துக்கொள்ளும் என்றது.

"அப்போ என் பார் ஊருக்கே தெரிஞ்சு போகுமே, பிள்ளே?" என்று கேட்டேன்.

"தெரியாது, ஐயா. உங்க பேரை எடுத்துட்டு ஒரு எண் போடுவேன். எந்த நாள் போனீங்கன்னு இருக்காது. எந்த இடம்னு புள்ளி இருக்காது, பெரிய கட்டம் மட்டும்தான் இருக்கும். ஒரு கட்டத்துல மூணு வள்ளத்துக்குக் குறைவாப் போயிருந்தா அந்தக் கட்டத்தைப் பத்தி ஒண்ணுமே வெளியிட மாட்டேன். முழு விவரம் என்கிட்டப் பூட்டி இருக்கும். இந்த மாதிரி மறைச்சதை மட்டும்தான் எல்லாருக்கும் திறந்து வைப்பேன்."

"எல்லாருக்கும் எதுக்குத் திறக்கணும்? உனக்கு மட்டும் வச்சுக்கோ."

"நான் மட்டும் வச்சுக்கிட்டா, நானே இட்டுக்கட்டினதுன்னு சொல்லிடுவாங்க, ஐயா. தகவலையும் கொடுக்கணும், அதை எந்தக் கணக்குப்படி படமா மாத்தினேனோ அந்த நிரலையும் கொடுக்கணும். வேற யாரும் அதையே போட்டுப் பாத்து, சரியா தப்பான்னு சொல்லணும்."

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குழம்பையும் குடுத்து, வச்ச பக்குவத்தையும் சொல்லிக் குடுக்கிற மாதிரி. அப்படித்தான மக்களே?" என்றாள்.

"அதேதாம்மா. ஆனா எந்த வீட்டு மீன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. என் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

பெட்டியை வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னும். எனக்கு அது வேறொரு வள்ளத்து விளக்கு மாதிரியே இருந்தது. யாரோ பார்க்கிறார்கள். யாரோ பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? வழக்கம் தெரியுமே. பார்மேல் போவதற்கு முன்னால் பெட்டியைக் கழற்றி, சகதிக்கு மேலே கிடந்த என் தம்பி மகனின் வள்ளத்தில் கொடுத்துவிட்டு, நான் போய்க் கலவா பிடித்துக்கொண்டு வந்து, திரும்ப வாங்கி மாட்டிக்கொள்வேன். பெட்டி பாவம், நாள் முழுக்கச் சகதியில் உட்கார்ந்து மும்முரமாக மீன் பிடித்தது!

ஒரு மாதத்தில் தையல்நாயகி வந்து நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, சகதியில கலவா கிடைக்குமா?" என்று கேட்டது.

"கிடைக்காது."

"உங்க பெட்டி சகதியிலேயே இருக்கு. ஆனா கரையில உங்க கூடையில கலவாவா இருக்கே."

"என் கைராசி" என்றேன்.

"ஐயா, இப்படியே போனா உங்க பார் இருக்கிற இடத்துல யாருமே புழங்கலன்னு ஆயிடும். அங்கதான் காற்றாலையை நடுவாங்க. கலவா எல்லாம் தூண் அடிக்கிற சத்தத்துல ஓடிடும். அப்போ யார்கிட்டப் போய்ச் சொல்வீங்க?"

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காட்டினால் பெர்க்மான்ஸ் எடுத்துக்கொள்வான். மறைத்தால் காற்றாலைக்காரன் எடுத்துக்கொள்வான். கடைசியில் பெட்டியைக் கழற்றாமலே பார்மேல் போனேன். போகும்போது ஒரு துண்டைப் போட்டு விளக்கை மட்டும் மூடிவிட்டேன். அந்த அளவுக்காவது மரியாதை வேண்டாமா?

வருஷம் திரும்பியது. தகவலையும் நிரலையும் திறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டது. பிறகு ஒருநாள் எங்கள் பங்கு மண்டபத்தில் கூட்டம். அதிகாரி ஒருவர், காற்றாலைக் கம்பெனிக்காரர் ஒருவர், நடுவில் பங்குச்சாமியார். கம்பெனிக்காரர் சுவரில் ஒரு படம் போட்டார். "இது நாங்க தயாரிச்ச தகவல் இல்ல. உங்க ஊர்ல எடுத்த ஆராய்ச்சி, எல்லாருக்கும் திறந்து வச்சது. அதுலேர்ந்துதான் இந்தப் படத்தைப் போட்டோம். பாருங்க, இந்த வெள்ளைக் கட்டங்கள்ல வள்ளம் பூஜ்யம். இங்க ஒருத்தரும் தொழில் செய்றதில்ல" என்று குச்சியை வைத்தார். குச்சி நேராக என் பார் இருக்கிற கட்டத்தின் மேல்!

எழுந்து, "லேய், அது என் பார்!" என்று கத்த வேண்டும். வாய் திறந்தேன். இரண்டு வரிசைக்கு முன்னால் பெர்க்மான்ஸ் உட்கார்ந்திருக்கிறான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவனைப் பார்த்தால் சட்டையெல்லாம் நனைந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, பாதி எழுவதும் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உட்காருவதுமாக இருந்தான். தடித்த உடம்பு, வெக்கை தாங்காது. மின்விசிறிக்கு நேராக உட்கார வேண்டியதுதானே?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "சார், ஒரு நிமிஷம். இது பூஜ்யம் இல்ல."

பார்த்தால் ஜெனிஷா. பெர்க்மான்ஸின் மகள். நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்தவள். துணிக்கடைப் பை ஒன்றிலிருந்து மடிக்கணினியை உருவி எடுத்தாள், மீன் எடுக்கிற மாதிரி.

"இந்த ஆராய்ச்சியோட நிரல் திறந்துதான் இருக்கு. நான் படிச்சுப் பாத்துட்டேன். மூணு வள்ளத்துக்குக் குறைவா இருந்தா, அந்தக் கட்டத்தைக் காலியா விடுன்னு எழுதியிருக்கு. காலின்னா சொல்ல மாட்டோம்னு அர்த்தம். நீங்க அதைப் பூஜ்யம்னு போட்டுட்டீங்க. யாருமே போகாத கட்டத்துக்குத் தகவல்லயே தனியாப் பூஜ்யம் போட்டிருக்கு, பாருங்க."

கம்பெனிக்காரர் தன் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் தரையைப் பார்த்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா இந்தக் கட்டத்துல தொழில் செய்றது யாரு? எழுந்து சொல்லுங்க, இப்பவே குறிச்சுக்கிறேன்" என்றார்.

யார் சொல்வான்? பாரைச் சொல்வதும் வீட்டுச் சாவியைச் சந்தையில் தொங்கவிடுவதும் ஒன்றுதான். நான் கூரையைப் பார்த்தேன். பெர்க்மான்ஸும் கூரையைப் பார்த்தான். அவனுக்குக் கூரையில் என்ன வேலையோ.

"பாத்தீங்களா, யாருமில்ல" என்று கம்பெனிக்காரர் சிரித்தார்.

ஜெனிஷா விடவில்லை. "யாரும் எழுந்து சொல்ல வேண்டாம், சார். சொல்லாமலே காட்டலாம். காலியா இருக்கிற கட்டத்தைப் பக்கத்துக் கட்டங்களோட சேர்க்கணும். மூணு வள்ளத்துக்குக் குறையாம வர்ற வரைக்கும் சேர்த்துட்டே போகணும். அப்போ இங்க தொழில் நடக்குதுன்னு தெரியும், யார் எந்த மூலையில நிக்கிறாங்கன்னு தெரியாது. நிரலை இப்படி மாத்தி வச்சிருக்கேன். முழுத் தகவல் டாக்டர்கிட்ட மட்டும்தான் இருக்கு, அவங்கதான் ஓட்டணும்" என்று அங்கேயே தையல்நாயகிக்கு போன் போட்டாள். போனில் அந்தப் பெண், "ஐயோ, இதை நானே யோசிச்சிருக்கணும்! அனுப்பு, அனுப்பு" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

டீயும் பருப்புவடையும் வந்தன. வடைத் தட்டு காலியாவதற்குள் புதுப் படம் வந்துவிட்டது. சாமியார் சுவரில் போடச் சொன்னார். நீலம், தம்பி! குச்சி வைத்த இடமெல்லாம் பெரிய நீலமாகக் கிடந்தது. மாதாவே என்று எழுந்து கையைத் தட்டிவிட்டேன். எனக்கு முன்னால் ஒருத்தன் என்னைவிடச் சத்தமாகத் தட்டினான். பெர்க்மான்ஸ். மகள் பேசிய பெருமை.

அதிகாரி எழுந்து, "இந்த இடம் வேண்டாம், வேற பாருங்க" என்றார். முடிந்தது கதை.

அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டாமா என்று கேட்கிறீர்கள். பாராட்டலாம்தான். பெர்க்மான்ஸ் மகளாகப் பிறந்துவிட்டாளே. படித்ததைப் பத்துப் பேருக்கு முன்னால் காட்ட ஆசை, அவ்வளவுதான். என் மடியில் இருக்கிற இந்தப் பையா? இது சும்மா. மடிக்கணினி வைக்கிற பை, மழைத் தண்ணீர் உள்ளே போகாதாம். நாகர்கோவிலில் கண்ணில் பட்டது. துணிக்கடைப் பையில் தூக்கிக்கொண்டு அலைகிறாள், உப்புக்காற்றில் கெட்டுப் போனால் அடுத்த கூட்டத்துக்கு யார் நிரல் படிப்பது? அமலோற்பவம் கொடுத்ததாகத்தான் கொடுப்பேன். நீங்கள் வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் படத்தைத் தையல்நாயகி மேலத்துறைக்கு வந்து கொடுத்தது. அப்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "பிள்ளே, அந்தப் பழைய கட்டத்துல மூணுக்குக் குறைவுன்னுதான வந்துது? நான் மட்டும்தான?"

"அதைச் சொல்ல மாட்டேன், ஐயா. உங்களைப் பத்தி வேற யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், வேற ஒருத்தரைப் பத்தி நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரித்தது, பாருங்கள், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் மட்டும்தான்! மூன்றுக்குக் குறைவு என்றால் ஒன்று. வேறென்ன?

அமலோற்பவமும் இதே சிரிப்புத்தான் சிரிக்கிறாள். "நீங்க முட்டுவலியில படுத்த வாரம் பூரா அண்ணன் வீட்டுல கலவாக் குழம்பு. நீங்க எழும்பிக் கடலுக்குப் போன அன்னைக்கு அங்க வெறும் சாளை" என்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் வள்ளம் கடலில் இருக்கிற நாளில் அவனுக்குக் கலவா கிடைப்பதில்லை. கலவாவுக்குக்கூட ஆளைத் தெரிகிறது! நான் படுத்திருக்கிற நாளில் கடவுள் பார்த்து ஏதோ அவனுக்கும் போடுகிறார். சில நாள் நான் போகும்போது அவன் வள்ளம் அந்தப் பக்கமாகத் தட்டுப்படும். என்னைக் கண்டதும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். அவ்வளவு பயம்.

என்ன தம்பி, நீங்களும் சிரிக்கிறீர்கள்? மூன்றுக்குக் குறைவு என்றால் இரண்டாகவும் இருக்கலாமே என்கிறீர்களா?

நல்ல ஆள் நீங்கள். இரண்டாம்! கடலைப் பற்றித் தெரியாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். என் பார்மேல் இன்னொரு வள்ளம் வந்து போனால் எனக்குத் தெரியாதா? நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறேன்?

ஆ, ஊர் வந்துவிட்டது. படத்தைச் சுருட்டுங்கள், மெதுவாக, மூலை மடங்கிவிடக் கூடாது. இந்த நிறுத்தம்தான், இறங்கலாம். உங்கள் பையை எடுத்துக்கொண்டீர்களா?

அதோ பாருங்கள், டீக்கடை வாசலில் நிற்கிறானே, தடித்த ஆள், கூட்டம் கூட்டிக்கொண்டு. அவன்தான் பெர்க்மான்ஸ். கையில் என்ன, படமா? அதே படம்தான்! ஊரில் எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார்கள், எல்லோரும் வீட்டில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இவன் மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறான். போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, நுனியைப் பிடிக்கச் சொல்லி, விரித்து விரித்துக் காட்டி, அப்படி என்ன சிரிப்பு! கேளுங்கள், என்ன சொல்கிறான் என்று கேளுங்கள்.

"இந்தப் படத்துல நான் இருக்கேன். எங்கன்னு சொல்லு பாப்போம்?"

கேட்டீர்களா, தம்பி? அவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு பெருமை?